முத்தாற்றங்கரையில் லோ குடும்பம்

துறைமுக நகரங்களின் வரலாற்றை வணிகர்களின் பேரேடுகளும் அரசாங்கத்தின் சுங்கக் கணக்குகளுமே பெரும்பாலும் நமக்குச் சொல்லிவந்துள்ளன. எந்தக் கப்பல் எந்நாளில் வந்தது, என்ன சரக்கை இறக்கியது, எவ்வளவு வெள்ளி கைமாறியது என்பன அவற்றில் உண்டு. அந்தக் கரையில் மாலை வேளைகளில் யார் நடந்தார்கள், எதைக் கண்டு வியந்தார்கள், எதைக் காணாமலே கடந்துபோனார்கள் என்பதை அவை சொல்லமாட்டா. அதற்கு ஒரு குடும்பத்தின் நினைவேடு வேண்டும். சீன நாட்டின் தென்பகுதியில், முத்தாற்றின் கழிமுகத்தை ஒட்டியமைந்த மக்காவ், காண்டன் என்னும் இரு நகரங்களின் நீர்க்கரைகளுக்கு அத்தகைய நினைவேடு ஒன்று வாய்த்திருக்கிறது. எழுதியவர் ஹாரியட் லோ என்னும் அமெரிக்கப் பெண். பிறந்த ஊர் சேலம்; நம் சேலம் அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பழைய துறைமுகமாகிய சேலம்.

ஹாரியட் 1809ஆம் ஆண்டில், பன்னிரண்டு மக்களைப் பெற்ற ஒரு வணிகர் குடும்பத்தில் இரண்டாவது குழந்தையாகப் பிறந்தவர். அவருடைய சிற்றப்பா வில்லியம் ஹென்றி லோ, காண்டனில் வாணிகம் செய்துவந்த ரஸ்ஸல் கம்பெனி என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றுச் சீனத்துக்குப் புறப்பட்டார். அவர் மனைவி அபிகேலுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆண்டுக்கணக்கில் அந்நிய மண்ணில் தனித்திருக்கப்போகும் சிற்றன்னைக்குத் துணையாக இருபது வயது ஹாரியட்டும் உடன் சென்றார். 1829 மே மாதத்தில் ‘சுமத்ரா’ என்னும் கப்பலில் சேலத்தை விட்டுப் புறப்பட்ட மூவரும், மணிலா வழியாகச் செப்டம்பர் இறுதியில் மக்காவை அடைந்தனர். கப்பலேறிய நாள் முதலே, ஊரில் இருந்த அக்கைக்குச் சொல்வதுபோல ஹாரியட் நாட்குறிப்பு எழுதலானார். நான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த அக்குறிப்பு ஒன்பது ஏடுகளாக வளர்ந்தது.

சிற்றப்பாவின் தொழில் காண்டனில். குடும்பம் இறங்கியதோ மக்காவில். இவ்விரண்டுக்கும் இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீர்வழி இருக்கிறது. குடும்பம் இவ்வாறு பிரிந்து வாழ நேர்ந்ததற்குக் காரணம் சீனப் பேரரசின் சட்டம். மேலைநாட்டுக் கப்பல்கள் காண்டன் ஒன்றிலேயே வாணிகம் செய்யலாம் என்று 1757இல் ஆணை பிறந்தது. அங்கும் அந்நியர் நகரத்தின் மதிலுக்குள் நுழையலாகாது. ஆயுதம் வைத்திருத்தல் கூடாது. பல்லக்கில் ஏறுதல் கூடாது. அரசு உரிமம் பெற்ற சில சீன வணிகர்களைத் தவிரப் பிறரோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளுதலும் கூடாது. ஆற்றுக்கு மறுகரையில் இருந்த மலர்த்தோட்டங்களுக்கு உலாச் செல்ல மாதத்தில் 8, 18, 28 ஆகிய மூன்று நாட்கள் மட்டும் இசைவு உண்டு. வாணிகப் பருவம் முடிந்ததும் மக்காவுக்குத் திரும்பிவிட வேண்டும். இவை எல்லாவற்றினும் கடுமையான விதி, அந்நியப் பெண்டிர் எவரும் காண்டனில் கால்வைக்கலாகாது என்பது. மனைவியும் மக்களும் வந்துவிட்டால் வணிகன் வீடு கட்டுவான், வேர் விடுவான், பிறகு போகமாட்டான் என்று பேரரசு அஞ்சியது. புகார் நகரத்தின் மருவூர்ப்பாக்கத்தில் யவனர்க்கு இருக்கைகள் இருந்தமையை இளங்கோவடிகள் காட்டுகிறார். காண்டன் ஆற்றங்கரையிலும் அந்நியர்க்கு இருக்கை தந்தார்கள், இல்லறம் மட்டும் தரவில்லை.

எனவே மனைவியர் வாழும் ஊராக மக்காவ் அமைந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதலே போர்ச்சுகீசியர் குடியேறியிருந்த தீபகற்பம் அது. ‘பிராயா கிராண்டே’ எனப்படும் அதன் பெரிய கடற்கரை, பிறைநிலவு போல வளைந்து கிடந்தது. வெள்ளையும் மஞ்சளுமாகச் சுண்ணம் பூசிய மாளிகைகள் கடலைப் பார்த்து வரிசையாக நிற்க, அவற்றின் முன்னே கல்பாவிய உலாச்சாலை ஓடியது. தென்முனையில் பென்ஹா குன்று. ஊரின் மேட்டில், நீண்ட படிக்கட்டுகளுக்கு மேல், புனித பவுல் தேவாலயம் நின்றது. இன்று அங்கே செல்வோர் காண்பது வானத்தை நோக்கித் தனித்து நிற்கும் ஒரு முகப்புச் சுவர்தான். 1835 சனவரியில் எழுந்த தீயில் ஏனைய பகுதி அழிந்துவிட்டது. ஹாரியட் வாழ்ந்த நாளில் அந்தக் கோயில் முழுமையாக இருந்தது.

ஆங்கிலம் பேசுவோரிடையே மணமாகாத இளம்பெண் அப்போது அவர் ஒருவரே என்று சொல்லும் நிலை. விருந்து, நடனம், குதிரைச்சவாரி, கடற்கரை உலா என்று அழைப்புகள் குவிந்தன. ஆயினும் ஏடுகளைப் படிப்போர்க்கு மெல்ல மெல்லப் புலப்படுவது அந்த வாழ்வின் தனிமை. வாணிகப் பருவம் தொடங்கியதும் ஆடவர் காண்டனுக்குப் போய்விடுவர். பெண்கள் மேல்மாடத்தில் நின்று கடலைப் பார்த்தபடி கடிதத்துக்குக் காத்திருப்பர். அமெரிக்காவிலிருந்து ஒரு மடல் வந்துசேர நான்கைந்து மாதங்களாகும். கடலில் ஒரு பாய்மரம் தென்பட்டால் அது யாருடைய கப்பல், எங்கிருந்து வருகிறது என்பதே அன்றைய பேச்சு. நெடுங்காலம் வெளிநாட்டில் பணியாற்றிய குடும்பத்தார்க்கு இந்தக் காத்திருப்பைப் பற்றி எவரும் விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை.

அந்தக் கரையில் ஹாரியட்டுக்குக் கிடைத்த நல்ல துணைகளுள் ஒருவர் ஓவியர் ஜார்ஜ் சின்னரி. நம்மவர் இவரைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். 1802ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப்பட்டினத்தில் வந்திறங்கி, 1807 வரை அங்கேயே வாழ்ந்தவர் இவர். சென்னைக் கடலின் அலைகளையும், அவற்றைக் கடந்துவரும் மசூலாப் படகுகளையும், கட்டுமரக்காரரையும் வரைந்த கை இவருடையது. ஐதராபாத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த கிர்க்பாட்ரிக்கின் இரு குழந்தைகளை இந்திய உடையில் இவர் தீட்டிய புகழ்பெற்ற ஓவியமும் சென்னையில் உருவானதுதான். பின்னர்க் கல்கத்தா சென்று, அங்கே கடன் மிகுந்து, 1825இல் மக்காவுக்கு வந்துசேர்ந்தார். கடன்காரரைக் காட்டிலும் தம் மனைவிக்கே அவர் அதிகம் அஞ்சினார் என்று ஒரு கதை உண்டு. மனைவி மக்காவுக்கு வருவதாகச் செய்தி வந்தபோதெல்லாம் பெண்கள் நுழையமுடியாத காண்டனுக்கு மூட்டை கட்டினாராம். சட்டம் ஒருவருக்குச் சிறையாகவும் இன்னொருவருக்குப் புகலிடமாகவும் இருந்திருக்கிறது! ஹாரியட் அவரிடம் ஓவியம் பயின்றார். அழகற்ற முகமும், கேட்போரைப் பிடித்து நிறுத்தும் பேச்சும் உடையவர் என்பது ஆசிரியரைப் பற்றிய மாணவியின் கணிப்பு. 1833இல் சின்னரி தீட்டிய ஹாரியட்டின் உருவம் இன்று சேலம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மக்காவ் கரை பெண்களுக்குப் பழகிப்போன கரை. காணமுடியாத கரையின் மீதுதான் அவர்களுடைய ஏக்கம் சென்றது. காண்டன் நகரத்தின் தென்மேற்கே, மதிலுக்கு வெளியே, முத்தாற்றின் வடகரையில் சுமார் 300 மீட்டர் நீளத்துக்குள் அடங்கியது அந்நியர் குடியிருப்பு. பதின்மூன்று நீண்ட கட்டடங்கள் ஆற்றை நோக்கி அடுத்தடுத்து நின்றன. கீழே பண்டகசாலையும் எழுத்தர் அறைகளும். மேலே வணிகர் உறைவிடம். டேனியர், ஸ்பானியர், பிரெஞ்சுக்காரர், அமெரிக்கர், சுவீடியர், ஆங்கிலேயர், டச்சுக்காரர் என்று நாடுகளின் பெயரால் அவை வழங்கினாலும், உள்ளே குடியிருந்தோர் அந்தந்த நாட்டினராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ரஸ்ஸல் கம்பெனியே சுவீடியக் கட்டடத்தில்தான் இருந்தது. முன்புறத்தில் ஆறுவரை ஒரு திறந்தவெளி. அதில் உயர்ந்த கொடிமரங்கள். கட்டடங்களுக்கு ஊடே பழைய சீனத்தெரு, புதிய சீனத்தெரு, பன்றிச்சந்து என்னும் மூன்று வழிகள். அவற்றில் பட்டு, தந்தம், அரக்குப் பூச்சுப் பொருள், ஓவியம் விற்கும் கடைகளும், மாலுமிகளை மயக்கும் சாராயக் கடைகளும் நெருங்கியிருந்தன. ஆற்றிலோ நிலத்தைக் காட்டிலும் நெரிசல். படகிலே பிறந்து படகிலே வாழ்ந்து முடியும் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தனர். பெரிய கப்பல்கள் அவ்வளவு தூரம் வரமுடியாமையால் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள வாம்போவா என்னும் இடத்தில் நங்கூரமிட, தேயிலைப் பெட்டிகள் சிறு படகுகளில் அங்கே சென்றன.

அந்தப் பதின்மூன்றில் ஒன்றுக்குச் ‘சௌ-சௌ’ இல்லம் என்று பெயர். பலவகையும் கலந்தது என்பது அதன் பொருள். இந்தியாவிலிருந்து சென்ற பார்சி வணிகரும் முகம்மதிய வணிகரும் தங்கிய இடம் அது. ஆங்கிலேயர் மாளிகையின் அருகிலேயே, இடையில் ஒரு சந்து மட்டும் இருக்க, இந்தியர் இல்லம் நின்றது. இக்கரையில் இந்தியர் இருந்தமை வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. உண்மையில் அவர்கள் கொண்டுசென்ற சரக்கு இல்லையேல் அக்கரையின் வாணிகமே நடந்திராது. அச்சரக்கு எது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1830ஆம் ஆண்டில் அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் காண்டன் குழுத் தலைவராகிய பெய்ன்ஸ் தம் மனைவியை வெளிப்படையாகக் காண்டனுக்கு அழைத்துச்சென்றார். அப்பெண்ணை உடனே திருப்பியனுப்புமாறு ஆளுநர் ஆணையிட்டார். கம்பெனியார் பணியவில்லை, கப்பல்களிலிருந்து மாலுமிகளையும் பீரங்கிகளையும் இறக்கிக் கட்டடத்துக்குக் காவல் வைத்தனர். ஒரு பெண்மணி கணவனோடு தங்குவதற்குப் பீரங்கி வேண்டியிருந்தது! ஆளுநர் அப்போதைக்கு மோதலைத் தவிர்த்தார். சிற்றலை அடங்கியது போலத் தோன்றிய அந்த இடைவெளியில், நவம்பர் தொடக்கத்தில், அபிகேலும் ஹாரியட்டும் காண்டனுக்குப் படகேறினர்.

கழிமுகத்தின் அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து, ‘புலிவாய்’ எனப்படும் குறுகிய நுழைவிடத்தின் கோட்டைகளைத் தாண்டி, நெல்வயல்களுக்கும் அடுக்குக் கோபுரங்களுக்கும் இடையே ஆற்றின் மேல் சென்ற பயணம் அது. காண்டனில் வந்திறங்கிய பெண்கள் பகலில் வெளியே வருவதைத் தவிர்த்தனர். இருள் சூழ்ந்த பின்னர், நீண்ட மேலாடையும் தொப்பியும் அணிந்து, பார்த்தவுடன் பெண்ணென்று தெரியாதபடி திறந்தவெளியில் உலவினர். மறைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. சந்துக்குள் நுழைந்ததும் கடைக்காரர்கள் அவர்கள் முகத்தைக் காண விளக்குகளை ஏற்றிப் பிடித்தனர். பின்தொடரும் கூட்டம் பெருகியது. ‘அந்நியப் பேய்’ என்பது மேலைநாட்டார்க்குக் காண்டன் மக்கள் இட்ட பெயர். பேய்ப் பெண்களை அவர்கள் கண்டது அரிது. ஆனால் கூட்டத்தினர் தீங்கு ஒன்றும் செய்யவில்லை. வேடிக்கை பார்த்தனர், விலகி வழியும் விட்டனர். ஆணைகளில் காணப்படும் சினம் தெருவில் இல்லை என்பதை இருபத்தொரு வயதுப் பெண் அன்றிரவே கண்டுகொண்டார். அரண்மனை எழுதிய வரலாற்றில் இந்தச் செய்தி கிடைக்காது.

அவர்களுடைய வரவால் பெருங்கலக்கம் அடைந்தோர் உண்மையில் அங்கிருந்த மேலைநாட்டு ஆடவரே. ஆண்டுக்கணக்கில் பெண்முகம் காணாமல், தளர்ந்த உடையும் சுருட்டுமாகக் காலங்கழித்த முதிய வணிகர்கள், கற்பூரப் பெட்டிகளுக்குள் உறங்கிக்கிடந்த பழைய அங்கிகளையும் கழுத்துப்பட்டைகளையும் தேடியெடுத்து அணிந்து, பெண்களைக் காண வரிசையில் வந்தார்களாம். அந்நாளில் ரஸ்ஸல் கம்பெனியில் பணிபுரிந்த ஹன்டர் என்பவர், முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் இதனை நகைச்சுவையோடு பதிவுசெய்திருக்கிறார். இனியொருமுறை இத்தொல்லை வேண்டாம் என்று முணுமுணுத்தவர்களும் அவர்களுள் இருந்தனராம்.

முணுமுணுப்புக்குத் தேவையே இல்லாமற்போயிற்று. பெண்கள் வெளியேறாவிட்டால் லோவின் வாணிகம் நிறுத்தப்படும் என்று ஆணை வந்தது. கம்பெனியைப்போலப் பீரங்கி காட்ட அமெரிக்க வணிகரிடம் படையும் இல்லை, மனமும் இல்லை. அன்றியும், அந்தச் சட்டத்தின் சுமை விழுந்த இடம் வேறு. ஒவ்வோர் அந்நியக் கப்பலுக்கும் ஒரு சீன வணிகர் பிணை நிற்கவேண்டும். அந்நியர் பிழை செய்தால் ஒறுக்கப்படுபவர் பிணை நின்ற சீனரே. அவ்வணிகர் குழுவின் தலைவராகிய ஹௌகுவா, அக்காலத்து உலகப் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். ரஸ்ஸல் கம்பெனியின் நெருங்கிய நண்பர். அத்தகையோரே ஆளுநரின் எழுத்தர்முன் நடுங்கி நிற்கவேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் மாலை உலா, ஊர் பேர் அறியாத ஒருவருடைய தலைக்குக் கேடாக முடியலாம். சில வாரங்கள் தங்கிய பின், நவம்பர் முடிவதற்குள் அபிகேலும் ஹாரியட்டும் மக்காவுக்குத் திரும்பினர். ஹாரியட் மீண்டும் காண்டனைக் காணவில்லை.

இவ்வளவும் இனிய நினைவுகள். ஏடுகளைப் படித்து முடிப்போர்க்கு இவற்றோடு ஒரு வினாவும் எழாமல் இராது. அந்த வீட்டின் மேசைமேல் இருந்த வெள்ளித் தட்டுகள் எதனால் வந்தன? தேயிலையும் பட்டும் வாங்க மேலைநாட்டார் முன்னர் வெள்ளிக்காசைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தனர். சீனர் விரும்பி வாங்கும் பொருள் அவர்களிடம் இல்லை. பிறகு கிடைத்தது அபினி. வங்காளத்து அபினி கல்கத்தா வழியாகவும், மாளவத்து அபினி பம்பாய் வழியாகவும் சீனத்துக்குச் சென்றன. சீனப் பேரரசு 1729இலேயே அபினிக்கு எதிராக ஆணை பிறப்பித்திருந்தது. எனவே அது காண்டன் கரைக்கு வெளிப்படையாக வரவில்லை. கழிமுகத்தில் லிண்டின் தீவின் அருகே நிலையாக நின்ற கப்பல்களில் அபினிப் பெட்டிகள் இறக்கப்பட, சீனரின் விரைவுப் படகுகள் இரவோடு இரவாக வந்து அவற்றை எடுத்துச்சென்றன. பெட்டி ஒன்றுக்குச் சுமார் 60 கிலோ. ரஸ்ஸல் கம்பெனி தேயிலை வாணிகத்தோடு இவ்வாணிகத்திலும் பெரும்பங்கு கொண்டிருந்தது. ஹாரியட் காண்டனுக்குச் சென்ற படகு கடந்ததும் அதே கழிமுகத்தைத்தான்.

மக்காவின் விருந்துகளையும் வானிலையையும் பாதிரியார் மாரிசனின் ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவுகளையும் நுணுகி எழுதிய பெண்ணுக்கு, அபினி ஒரு பொருட்டாகவே படவில்லை. இதனை அவருடைய குற்றமாக மட்டும் கொள்ளுதல் நேர்மையாகாது. வாணிகச் செய்திகளைப் பெண்களிடம் ஆடவர் பேசும் வழக்கம் அன்று இல்லை. அறிந்திருந்தாலும், தன்னை வளர்க்கும் கையைப் பற்றி இருபது வயதில் எவர் வினவுவார்?

அதே வினா நம் பக்கமும் திரும்புகிறது. பம்பாயிலிருந்து அச்சரக்கை அனுப்பிய இந்தியப் பெருவணிகருள் பார்சியராகிய ஜம்சேட்ஜி ஜீஜீபாய் முதன்மையானவர். அவரோடு கூட்டாக வாணிகம் செய்தோர் இருவர். ஒருவர் முகம்மது அலி ரோகே, மற்றவர் மோதிசா என்று அன்போடு அழைக்கப்பட்ட சேட் மோதிசந்த் அமிசந்த். மோதிசந்த் சுவேதாம்பர மரபைச் சேர்ந்த சமணர். சத்துருஞ்சய மலைக்கு யாத்திரை சென்றவர்கள் அவர் பெயரால் அமைந்த ‘மோதிசா டூங்க்’ என்னும் கோயில் தொகுதியைக் கண்டிருப்பர். இரண்டு முகடுகளுக்கு இடையே இருந்த பெரும்பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் எழுப்பப்பட்ட கோயில்கள் அவை. 1836இல் அவர் மறைந்தபின் அவர் மகன் பிரதிட்டை விழாவை நிறைவேற்றினார். பம்பாயில் தெருநாய்களைக் கொல்லுமாறு ஆங்கில அரசு ஆணையிட்டு, 1832இல் மக்கள் கொதித்தெழுந்த பின்னர், 1834இல் ஜம்சேட்ஜியோடு சேர்ந்து பாஞ்சராபோல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவியவரும் இவரே. வாயில்லா உயிர்களுக்கு அங்கே இன்றளவும் புகலிடம் கிடைக்கிறது.

தெருநாயின் உயிருக்கு இரங்கிய உள்ளமும், லிண்டினுக்குப் பெட்டிகளை அனுப்பிய கையும் ஒருவருடையனவே. இல்லறத்தார் விலக்கவேண்டிய தொழில்கள் பதினைந்தை நம் ஆசாரியர் வகுத்திருக்கின்றனர். நஞ்சு விற்றல் அவற்றுள் ஒன்று. அந்நாளைய இந்தியாவில் அபினி சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு. ஆங்கில அரசே அதனை விளைவித்து ஏலமிட்டது. மருந்தாகவும் வீடுதோறும் இருந்தது. பருத்தி மூட்டையோடு பருத்தி மூட்டையாகப் பேரேட்டில் ஏறியது. பெருங்கடற் பயணத்துக்கு அப்பால் அதனைப் புகைத்து மெலிந்தவனின் முகம் பம்பாய்த் துறையில் நிற்பவருக்குத் தெரியாது. இவையெல்லாம் காரணங்கள். நம் நூல்களின்படி இவை விலக்காகுமா என்றால், ஆகா. மோதிசாவின் அறங்களைப் பாடுவோர் இச்செய்தியை விட்டுவிடுகின்றனர். அபினி வரலாறு எழுதுவோர் பாஞ்சராபோலை விட்டுவிடுகின்றனர். இரண்டையும் சேர்த்துச் சொல்லுவதே அந்த மனிதருக்குச் செய்யும் நீதி.

1833 நவம்பரில் லோ குடும்பம் சீனத்தை விட்டுப் புறப்பட்டது. வில்லியம் லோ நுரையீரல் நோயால் மிக நலிந்திருந்தார். நன்னம்பிக்கை முனையில் இறங்கிய அவர், 1834 மார்ச்சில் கேப்டவுனில் காலமானார். சேர்த்த செல்வத்தை ஊரில் இருந்து நுகரும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. துணைக்கென்று வந்த மகள், கைம்பெண்ணாகிய சிற்றன்னைக்குத் துணையாகவே அமெரிக்கா திரும்பினார்.

அவர்கள் சென்று ஐந்தரை ஆண்டுகளில் அந்தக் கரையின் கதை வேகமெடுத்தது. 1839 சூனில் ஆணையர் லின் சேசூ, பறிமுதல் செய்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் புலிவாயின் அருகே சுண்ணாம்பும் உப்புநீரும் சேர்த்து அழித்தார். அதனை ஏதுவாகக் கொண்டு ஆங்கிலேயர் போர் தொடுத்தனர். அப்போரில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் அனுப்பப்பட்டனர். 1841 மே மாத இறுதியில், காண்டனுக்கு வடக்கே சான்யுவான்லி என்னும் சிற்றூரின் அருகே, சென்னை 37ஆம் காலாட்படையின் ஒரு பிரிவினர் பெருமழையில் துப்பாக்கி மருந்து நனைந்து, சுட இயலாமல், ஆயிரக்கணக்கான உழவர்களால் சூழப்பட்டு நின்றனர். இரவானபின் உதவிப்படை வந்தே அவர்களை மீட்டது. சிப்பாய்களும் உழவர்களும் ஒருவரையொருவர் கொல்ல அந்த வயலில் நின்றார்கள். சீனர் இன்றும் அந்நிகழ்ச்சியைப் பாடநூலில் போற்றுகின்றனர். நம் பாடநூல்களில் அந்தச் சிப்பாய்களுக்கு இடமில்லை.

1842இல் கையொப்பமான நான்ஜிங் உடன்படிக்கையின் இரண்டாம் விதி, ஆங்கிலக் குடிமக்கள் காண்டன் உள்ளிட்ட ஐந்து துறைகளில் தம் குடும்பத்தாரோடு தங்கலாம் என்று கூறுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அபிகேலும் ஹாரியட்டும் மேலாடைக்குள் முகம் மறைத்துச் சில வாரங்கள் பெற்ற உரிமை, பீரங்கியின் துணையோடு சட்டமாயிற்று. கதவு திறந்ததும் காண்டன் மக்களின் மனம் மூடிக்கொண்டது. விளக்கேந்தி வேடிக்கை பார்த்த அதே ஊரில் கலகங்கள் எழுந்தன. அந்நியர் கட்டடங்கள் பலமுறை தீக்கிரையாயின. 1856 டிசம்பரில் எரிந்தவை மீண்டும் எழவில்லை. அந்நியர் குடியிருப்பு, ஆற்றில் மணல்மேட்டை உயர்த்தி அமைத்த ஷாமியன் தீவுக்கு இடம் மாறியது. பதின்மூன்று கட்டடங்களும் நின்ற இடத்தில் இப்போது குவாங்சௌ நகரத்தின் பண்பாட்டுப் பூங்கா இருக்கிறது. அருகிலுள்ள சாலை மட்டும் ‘பதின்மூன்று வணிகமனைச் சாலை’ என்னும் பொருள்படும் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயத்த ஆடைகளின் மொத்த விற்பனைக்குப் பேர்போன தெரு அது.

கரையின் பழைய தோற்றம் இன்று பீங்கான் கிண்ணங்களில் எஞ்சியிருக்கிறது. ஊர் திரும்பும் வணிகர் நினைவுப்பொருளாக வாங்கிச்சென்ற பெரிய கிண்ணங்களின் வெளிப்புறம் முழுதும் அந்தக் கட்டட வரிசையும் கொடிமரங்களும் தீட்டப்பட்டிருக்கும். கிண்ணத்தைச் சுற்றிவந்தால் காண்டன் கரையை ஒருமுறை நடந்து முடித்ததாகும். அந்த ஓவியங்களில் பெண்களைக் காண்பது அரிது.

லோ குடும்பத்துக்கு அந்தக் கரையின் செல்வம் நின்று நிலைத்தது. ஹாரியட்டின் தம்பி ஆபியல் 1833இல் காண்டன் சென்று, ரஸ்ஸல் கம்பெனியில் பங்காளியாகிப் பொருளீட்டித் திரும்பி, நியூயார்க்கில் தனி நிறுவனம் தொடங்கினார். தாம் கட்டிய விரைவுக் கப்பலுக்கு அவர் இட்ட பெயர் ‘ஹௌகுவா’. நியூயார்க்கின் பழைய துறைமுகக் கரையில் 1850இல் அவர் எழுப்பிய வணிகமனை இப்போதும் நிற்கிறது. அவர் மகன் சேத் லோ கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவராகவும், பின்னர் நியூயார்க் நகரத் தலைவராகவும் விளங்கினார். அப்பல்கலைக்கழகத்தில் தம் தந்தையின் நினைவாக அவர் கட்டித்தந்த மாடம் வேய்ந்த நூலகக் கட்டடத்தின் படிகளில் மாணவர் அமர்ந்திருப்பதை நியூயார்க் செல்வோர் காணலாம். நம் பிள்ளைகள் சிலரும் அப்படிகளில் அமர்ந்திருக்கக்கூடும்.

ஹாரியட் 1836இல் ஜான் ஹில்லார்டு என்பவரை மணந்து லண்டனில் வாழ்ந்து, பிற்காலத்தில் அமெரிக்கா திரும்பி, 1877இல் காலமானார். அவருடைய ஏடுகளிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகளை அவர் மகள் காதரின் 1900இல் நூலாக வெளியிட்டார். ஏடுகளின் முழுப் பதிப்பு 2002இல்தான் வெளிவந்தது. மூல ஏடுகள் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

சென்னை அலைகளை வரைந்த சின்னரி 1852இல் மக்காவிலேயே மறைந்து, அங்குள்ள பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார். அவர் நூற்றுக்கணக்கான முறை வரைந்த பிராயா கிராண்டே கடற்கரையின் முன்னால் இப்போது கடல் இல்லை. கடந்த நூற்றாண்டின் இறுதியில் விரிகுடாவுக்கு அணைகோலி, அதன் நீரை நாம்வான் ஏரிகளாக்கிவிட்டார்கள். பழைய பெயரோடு ஒரு சாலை மட்டும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, முன்னைய கடலோரம் வளைந்தபடியே வளைந்து செல்கிறது.